மூன்று பாகை வானம்

வானியல் ஒளிப்படக் கலையைக் கற்க விரும்பும் ஒருவர் எந்த வழிகாட்டி நூலைத் திறந்தாலும் முதற்பாடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: வடக்கே திரும்பித் துருவ விண்மீனைக் கண்டுபிடி. ஐரோப்பாவில் வாழ்பவருக்கு அது எளிய பாடம். அங்கே அவ்விண்மீன் வானின் நடு உயரத்தில் நிற்கும். அம்பாங்கில் வாழும் நமக்கு?

ஓரிடத்தின் அகலாங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவ விண்மீன் இருக்கும். நம் கோலாலம்பூர் வட்டாரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. 3 பாகை என்பது, கையை நீட்டி இரு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறைந்துவிடும் உயரம். அந்த உயரத்தில் அம்பாங்கிலிருந்து வடக்கே தெரிவன அடுக்குமாடி வீடுகளும், அவற்றுக்கு அப்பால் உலு கிள்ளான் குன்றுகளும், அவற்றின்மேல் கவிந்த மேகமும்தாம். முதற்பாடத்திலேயே நூல் நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

நம் அகலாங்குக்கு ஏற்ற வழிகாட்டியை, நம் மொழியில், நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சில மாதங்களாக இக்கலையைப் பழகிவரும் ஒரு தொடக்க மாணவன் என்ற முறையில் இங்கே முன்வைக்கிறேன்.

தொலைதூர விண்முகில்களும் விண்மீன் கூட்டங்களும் மிக மங்கலானவை. கேமராவைப் பல நிமிடம் திறந்து வைத்தால்தான் அவற்றின் ஒளி சேரும். பூமியோ சுழன்றுகொண்டே இருக்கிறது. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு விகலை. வானம் விநாடிக்கு ஏறத்தாழ 15 விகலை நகர்கிறது. ஆகவே தொலைநோக்கியைத் தாங்கும் பீடம் பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் எதிர்த்திசையில் சுழல வேண்டும். பீடத்தின் பற்சக்கரங்களில் இருக்கும் சிறு குறைகளால் அந்தச் சுழற்சியும் சீராக இராது. இங்கேதான் 'ஆட்டோகைடிங்' எனும் தானியங்கி வழிநடத்தல் உதவிக்கு வருகிறது. இரண்டாவது சிறு கேமரா ஒன்று, ஒரு விண்மீனைச் சில விநாடிக்கு ஒருமுறை படமெடுத்துக் கணினிக்கு அனுப்பும். அவ்விண்மீன் இம்மியளவு விலகினாலும் கணினி பீடத்துக்குத் திருத்தம் சொல்லும்.

இத்தனையும் இருந்தால் படம் சரியாக வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பர். என் மாடியில் எடுத்த முதல் 5 நிமிடப் படங்களில், வழிகாட்டி விண்மீன் இருந்த பகுதி கூர்மையாக இருந்தது. ஓரத்து விண்மீன்களோ சிறு வில்லாக வளைந்திருந்தன. திரையில் வழிநடத்தல் கோடு நேராகவே சென்றுகொண்டிருந்தது. காரணம் பீடத்தின் அச்சு. துருவ விண்மீன் கண்ணுக்குத் தெரியாதபோது திசைகாட்டியை நம்பித்தான் அச்சை அமைக்க வேண்டியிருக்கிறது. இரும்புக் கம்பி நிறைந்த கான்கிரீட் மாடியில் திசைகாட்டி சில பாகை விலகிக் காட்டும். அச்சு விலகியிருந்தால், தானியங்கி வழிநடத்தல் ஒரே ஒரு விண்மீனை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மற்றவை அதைச் சுற்றிச் சுழலும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. உச்சிக்கு அருகே உள்ள ஒரு விண்மீனைத் திருத்தமின்றிச் சில நிமிடம் கவனித்தால், அது வடக்கிலோ தெற்கிலோ நகர்வதைக் கொண்டு அச்சு கிழக்கு மேற்காக எவ்வளவு பிசகியுள்ளது என்பதை அறியலாம். கீழ்வானிலோ மேல்வானிலோ உள்ள விண்மீன் அச்சின் உயரப் பிசகைக் காட்டிக்கொடுக்கும். இன்று கணினியே வானைப் படமெடுத்து, விண்மீன்களின் அமைப்பை அடையாளம் கண்டு, அச்சின் பிழையைக் கணக்கிட்டுச் சொல்கிறது. துருவ விண்மீனே தேவையில்லை. ஆனால் இவை நூல்களில் பின்னிணைப்பாக, 'துருவ விண்மீன் தெரியாதவர்களுக்கு' என்று ஒதுக்கி வைக்கப்படுகின்றன. நமக்கோ அதுதான் முதல் அதிகாரம்!

இன்னும் உண்டு. வழிநடத்தலைத் தொடங்குமுன் தொலைநோக்கியைத் 'தெற்கே பாதி உயரத்தில்' திருப்பு என்பார்கள். வான நடுக்கோடு அவர்களுக்கு அங்கே இருக்கிறது. நமக்கு அது தலைக்குமேல், உச்சியிலிருந்து 3 பாகை தள்ளிச் செல்கிறது. பல பீடங்களை 3 பாகைக்குத் தாழ்த்தினால் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். பல ஆயிரம் வெள்ளி செலவழிக்கும் மாணவனுக்கு இதையெல்லாம் வாங்குமுன்னரே யாராவது சொல்ல வேண்டாமா?

நம் இருப்பிடம் ஒரு குறை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தென்சிலுவையையும் ஒரே நேரத்தில் காணும் பேறு நமக்கு உண்டு. லண்டனில் தென்சிலுவை எழுவதே இல்லை. மெல்பர்னில் சப்தரிஷி மண்டலம் முழுதாக எழுவதில்லை. தமிழகத்தின் ஜவ்வாது மலையில், 12.5 பாகை அகலாங்கில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்கும் இதே சிறப்புண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வட, தென் வானங்கள் இரண்டையும் அங்கிருந்து ஆராயலாம். 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் முன்னரே, 1867இல், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி தென்வானில் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டு வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கும் நூலை ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். அறிவியலாளர் தம் மக்களின் மொழியில் எழுதுவது நமக்குப் புதிய வழக்கமன்று.

"ஆங்கிலத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, தமிழில் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்தச் சொற்களை அங்கேயே விட்டுவிடுகிறது. கோள், விண்மீன், அகலாங்கு என்பன தேர்வுத்தாள் சொற்களாகவே நின்றுவிடுகின்றன. திருமணத்தில் அருந்ததி பார்க்கிறோம். மண்டபத்துக் கூரைக்குக் கீழே நின்று! கார்த்திகை என்பது ஒரு மாதத்தின் பெயர் மட்டுமன்று, சிறு கேமராவிலேயே அழகாக விழும் ஒரு விண்மீன் கூட்டம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு சொல்லைக் கையால் தொட்டுப் பயன்படுத்தும்போதுதான் அது நம்முடையதாகிறது.

"அம்பாங்கின் வெளிச்சத்தில் என்ன தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை உமிழும் சில அலைநீளங்களை மட்டும் விட்டுத் தெருவிளக்கு ஒளியின் பெரும்பகுதியைத் தடுக்கும் வடிகட்டிகள் உள்ளன. அவற்றைக் கொண்டு ஓரியன் விண்முகிலையும் தெற்கே கரினா விண்முகிலையும் நகரிலிருந்தே படமெடுக்கலாம். மேகமும் ஈரப்பதமும் நம்மைச் சோதிக்கத்தான் செய்யும். எந்த மாதத்தில் எதைக் குறிவைப்பது என்று நம் பருவமழையை அறிந்தவர்தாம் சொல்ல முடியும்.

ஆகவே, நம் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். இருபது பக்கத்தில் ஒரு சிறு கையேடு போதும். துருவ விண்மீன் இன்றி அச்சை அமைக்கும் முறை, 3 பாகைக்குப் பொருந்தும் பீடங்கள், நம் வானுக்கான மாதவாரிப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் ஆகியவை அதில் இருக்கட்டும். இயற்பியல் மாணவர் கணக்கைப் பார்க்கட்டும். தமிழ் மாணவர் சொல்லைப் பார்க்கட்டும். அச்சிட்டுத் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு அனுப்புவோம். வடக்கே எழுதப்பட்ட நூல்கள் வடக்கு வானத்துக்குச் சரியானவை. இந்த வானத்துக்கு உரிய நூலை இங்கே வாழும் நாம் எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்?