வேகக் கார் கூடுமா என்று கேட்பவர்கள் கேட்க மறந்த கேள்வி



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, பரங்கிப்பேட்டைப் பெரியவர் ஒருவர் என் பழைய டர்போ காரைச் சுட்டிக்காட்டி, "தம்பி, இத்தனை வேகம் ஓடும் வண்டியை வாங்கி வைத்துக்கொள்வது வீண்விரயம் ஆகாதா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?" என்று வினவினார். அவர் என் தந்தையின் வயதினர், அக்கறையோடு கேட்டார். ஆயினும் அக்கேள்வி என்னைச் சற்றுச் சினம் கொள்ளச் செய்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏனெனில் நம்மூரில் எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய வேறொரு கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் அவருடைய கேள்விக்கு விடை கூறிவிடுகிறேன். அதற்கு நெடுநேரம் தேவையில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்றுவிக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் பந்தயம் நடத்தப்பட்டது. இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் கலந்துகொண்டார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. குதிரை ஒருவருக்கு நற்கூலியாகவும், ஒருவருக்குத் திரையாகவும், பெருமைக்காக வளர்ப்பவருக்குப் பாவச்சுமையாகவும் அமையும் என்ற நபிமொழியும் நாம் அறிந்ததே. பிரேக்கும் டயரும் ஒழுங்காக வைத்து, கடன்படாமல் வாங்கி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் செல்லும் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்பவன் அந்த மூன்றாம் வகையில் சேர மாட்டான். முழு வேகத்தைப் பார்க்க விரும்புகிறவனுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. நடுச்சாலையில் சீறிப் பாய்பவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

இனி, கேட்கப்படாத கேள்விக்கு வருகிறேன். "இந்த வண்டியை யாரிடம் வாங்கினாய்? அவர் உன்னிடம் எதை மறைத்தார்? நாளை நீ விற்கும்போது எதை மறைப்பாய்?"

இத்தகைய கார்களை விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் பழைய வண்டியைத் தவிர வேறு வழியில்லை. 145 குதிரைச்சக்தியுடன் 2015-இல் வந்த அபார்த் புன்ட்டோவைச் செய்த ஃபியட், 2019-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2013-இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. பலருக்கும் முதற்காதலாக இருந்தது. போலோவே 2022-இல் நின்றுபோயிற்று. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்ற மாடல் 2020-இல் நாடு முழுவதற்கும் 200 வண்டிகள் மட்டுமே வந்தது. ஆகவே இவை மூன்றாம் கை, நான்காம் கை என்று நம்மவர்களுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருகின்றன. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் விடுப்பில் வரும் இளைஞன், ஒரு மாதத்திற்குள் வாங்கியாக வேண்டும் என்ற அவசரத்தில், "நம்ம ஜமாஅத்துக்காரர்தானே" என்ற ஒரே நம்பிக்கையில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறான். அந்த நம்பிக்கை அமானிதம் அல்லவா?

அந்த அமானிதம் எவ்வாறு பாழாக்கப்படுகிறது என்பதை, இத்துறையின் உள்ளே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். வேகப் பிரியர்கள் இன்ஜினின் கணினியில் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டுவார்கள், 'ரீமேப்' என்பார்கள். தயாரித்த நிறுவனம் கணக்கிட்டதைவிட அதிகமான முறுக்குவிசையைக் கிளட்சும் கியர்பெட்டியும் ஆண்டுக்கணக்கில் தாங்குகின்றன. விற்கும் நாள் வந்ததும் பழைய மென்பொருளையே மீண்டும் ஏற்றிவிட்டு, "கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது, கைவைக்கவே இல்லை" என்று கூறிவிடுகிறார்கள். மென்பொருள் திரும்பிவிட்டது, தேய்ந்த கிளட்ச் திரும்புமா? குளிர்ந்த இன்ஜினை இயக்கும் முதல் சில நொடிகளில் மட்டும் டைமிங் செயின் கலகலக்கும் வண்டியை, வாங்குகிறவர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியில் சிறு கருவியைச் செருகிப் பிழைக் குறியீடுகளை அழித்துவிடுகிறார்கள். 1,10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டர் 48,000 என்று காட்டுகிறது. 2015 நவம்பர் வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் நம் மாவட்டத்தில் நீரில் நின்ற வண்டிகள் எத்தனை! அவை என்னவாயின என்று யாரேனும் கேட்டோமா? கழுவித் துடைத்து, வாசனை அடித்து, வெளியூருக்கு அனுப்பினோம்.

மதீனாக் கடைத்தெருவில் நடந்தது நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவரிடமிருந்து தம்மை விலக்கிக்கொண்டார்கள் அண்ணலார். கவனியுங்கள்: அவ்வணிகர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஈரத்தைக் கீழேயும் உலர்ந்ததை மேலேயும் வைத்தார், அவ்வளவே. கால்நடையின் மடியில் சில நாள் பால் கறக்காமல் விட்டு, நிறையப் பால் தருவதுபோல் காட்டி விற்பதையும் மார்க்கம் தடுத்தது. அவ்வாறு ஏமாந்து வாங்கியவருக்கு மூன்று நாள் அவகாசத்தில் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தது. பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை நிறுத்தி வைப்பதற்கும் மடியைக் கட்டி வைப்பதற்கும் என்ன வேறுபாடு என்று எவரேனும் எனக்கு விளக்கட்டும்.

பிஸ்கட்டின் உறையைத் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று தேடுகிற குடும்பங்கள் நாம். அதே வீட்டில் திருப்பப்பட்ட மீட்டரின் இலாபத்தில் நோன்பு திறக்கப்படுகிறது.

இதை எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தகுதி இல்லாததால்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு டர்போ காரைக் காட்டுமன்னார்கோவில் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு விற்றேன். குளிர்ந்த நிலையில் கியர்பெட்டி முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்குச் செல்லும்போது ஓர் உதறல் இருந்தது எனக்குத் தெரியும். அவர் வருவதற்கு முன் சிதம்பரம் வரை ஓட்டிச் சென்று திரும்பினேன். வேறு வேலை இருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஓட்டிப் பார்த்தார், மகிழ்ந்தார், "அண்ணன் வச்சிருந்த வண்டி, பார்க்க வேண்டியதே இல்லை" என்றார். மூன்றாம் மாதம் கியர்பெட்டி நின்றது. அவர் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சந்தித்தபோது ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஸலாமோடு என்னால் இருக்க முடியவில்லை. பழுதுபார்த்த செலவைக் கணக்கிட்டு அவருடைய வீட்டிற்குக் கொண்டுசென்று, நடந்ததைச் சொன்னேன். வாங்கிக்கொள்ள மறுத்தார், அவருடைய தாயார்தான், "வாங்கிக்கோ வாப்பா, இல்லேன்னா அவருக்குத் தூக்கம் வராது" என்றார்.

"உள்ளது உள்ளபடி, பார்த்து வாங்கிக்கொள், பிறகு பேச்சில்லை" என்று சொல்லித்தானே விற்கிறோம் என்பது வழக்கமான வாதம். நம் மாவட்டத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை ஹனஃபி அறிஞர்கள் ஏற்றுள்ளனர் என்பது உண்மை. ஷாஃபிஈ மத்ஹபிலோ அந்த விலக்கு மிகக் குறுகியது: உயிர்ப் பிராணியின் உள்ளே மறைந்திருந்து, விற்பவரும் அறியாத குறைக்கே அது பொருந்தும். இவ்வேறுபாடு ஒப்பந்தம் செல்லுமா, பொருளைத் திருப்ப முடியுமா என்பதைப் பற்றியது. அறிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு தரப்பிலும் வேறுபாடு கிடையாது. சட்டத்தின் ஒரு சந்தில் நுழைந்து மறுமைக் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் எண்ணட்டும்.

மெக்கானிக்குகளும் நண்பர்களும் தரகர்களும் இங்கே நழுவ முடியாது. முந்நூறு திர்ஹத்திற்கு ஒட்டகம் வாங்கிச் சென்றவரின் பின்னால் வாஸிலா (ரலி) அவர்கள் ஓடிச்சென்று, இறைச்சிக்கா, பயணத்திற்கா என்று கேட்டு, பயணத்திற்கு என்றதும், அதன் குளம்பில் துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொன்ன செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாஸிலாவிடமே குறைப்பட்டார். குறையை அறிந்த எவரும் சொல்லாமலிருப்பது ஆகாது என்ற நபிமொழியே அவர்களின் விடை. நம் பட்டறைகளிலோ, அறிந்தவர் வாய் திறந்தால் அவரைப் "பொழப்பைக் கெடுப்பவன்" என்கிறோம்.

இடையில் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரபுக் குதிரைகள் நம் தென்கடற்கரையில் இறங்கிய காலத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, குதிரை வணிகர்கள் லாடம் அடிப்போரை இங்கு வரவிடாமல் தடுத்தனர், குதிரைகள் விரைவில் மடிந்தால்தானே மறுபடியும் விற்கலாம் என்று குற்றம் சாட்டியிருக்கிறார். அது எவ்வளவு மெய்யோ, அல்லாஹ் அறிவான். ஆனால் படித்தபோது பழைய கார்ச் சந்தைதான் கண்முன் வந்தது.

அடுத்து, நம் ஊர்களுக்கே உரிய 'பி.ஒய்.' நோய். கடலூரை அடுத்தே புதுச்சேரி. அங்கு வரி குறைவு. அங்கு குடியிருக்காதவர், உறவினர் வீட்டு முகவரியைத் தம் முகவரியாகக் காட்டிப் பதிவு செய்கிறார். "அரசாங்கத்துக்குத்தானே" என்ற சிரிப்பு வேறு. எழுத்தில் கொடுத்த பொய் வாக்குமூலம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. பிற மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அந்தச் செலவைச் சொல்லாமல் விற்பதும் குறையை மறைப்பதே. பெயர் மாற்றாமல் கைமாற்றுவது இன்னும் கேடு: விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஒரு மாநிலத்திற்குள் விற்றவர் பதினான்கு நாளிலும் வாங்கியவர் முப்பது நாளிலும் தெரிவிக்க வேண்டும். இதை ஓராண்டாகியும் செய்யாதவர்களை நான் அறிவேன்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்பதற்காக ஏழு ஆண்டு வட்டித் தவணையில் வாங்கிய புதிய எஸ்.யூ.வி.யைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்று வாழ்த்திய நாவு, சேமித்த பணத்தில் வாங்கிய பத்தாண்டுப் பழைய காரைப் பார்த்து மட்டும் வீண்விரயம் என்று சொல்வது எந்த நீதி?

வாங்கச் செல்லும் தம்பிகள் நம்பிக்கையை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் மறுநாள் விடியலில் வருவதாகச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா என்றும், ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு உள்ளதா என்றும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது எந்த ஆண்டின் எந்த வாரத்தில் செய்யப்பட்டது என்று சொல்லும். மீட்டரின் கதையோடு அது ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போடுங்கள். பல கார்களில், குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரத்தையும் அதே சிறு கருவி காட்டும். ஐந்து கிலோமீட்டர் என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்று இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், காரை ஒருமுறை சுற்றி வந்து, "சரி, இந்த வண்டியில என்ன குறை?" என்றார். பின்பக்க இடது ஷாக் அப்சார்பர் கசிகிறது, முன் பம்பருக்கு இருமுறை பெயின்ட் அடித்தது, எனக்கு முன்பிருந்தவர் ஓராண்டு ரீமேப் செய்து ஓட்டினார், ஏ.சி. நண்பகலில் திணறும் என்றேன். "இவ்வளவையும் சொன்னா யார் வாங்குவா?" என்று கேட்டார். விலையைக் குறைத்தால் வாங்குவார்கள் என்றேன்.

"எவ்வளவு குறைப்பே?" என்றார்.

தம் பேரனுக்காகக் கேட்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.