அப்பாவோட ஆஸ்பத்திரி ஃபைல்ல எந்த ஊர் அட்ரஸ் இருக்கு? கொஞ்சம் பாருங்க

ஆலங்குடி பக்கத்துல இருந்த என் பெரியப்பாவுக்கு வயித்துல கேன்சர்னு தெரிஞ்சப்ப, சென்னையில வேலை பார்க்கற நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஃபாரத்துல அட்ரஸ் கேட்டாங்க. யோசிக்கவே இல்லை, என் வேளச்சேரி வாடகை வீட்டு அட்ரஸை எழுதிட்டேன். பத்து மாசம் கழிச்சு ஊர்ல, வீட்லயே இறந்துட்டார். இறப்பைப் பதிவு பண்ணப் போனப்ப காரணம் கேட்டாங்க. "உடம்பு சரியில்லாம இருந்தார்"னு சொல்லிட்டு வந்துட்டோம். கேன்சர்னு எழுதினா கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணுக்குப் பிரச்சனை வருமோன்னு பெரியம்மாவுக்குப் பயம்.

ஆக, புதுக்கோட்டையில வந்த ஒரு கேன்சரை ரெண்டு இடத்துல நாங்களே அழிச்சிட்டோம்.

பணத்தைப் பத்திப் பேசற இடத்துல இது எதுக்குன்னு கேட்கறீங்களா? இதுவும் பண விஷயம்தான் நண்பர்களே.

கணக்கு எப்படி எடுக்கறாங்க?

1886-ல புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவங்க முயற்சியில 1954-ல 12 படுக்கைகளோட ஆரம்பிச்சதுதான் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. சென்னை நகரத்துக்கான புற்றுநோய் பதிவேடு 1980-களின் தொடக்கத்துல இருந்து அங்கதான் நடக்குது. 2012-ல மாநில அரசோட சேர்ந்து, எல்லா மாவட்டங்களுக்கும் சேர்த்து 'தமிழ்நாடு புற்றுநோய் பதிவேடு திட்டம்' ஆரம்பிச்சாங்க.

ஆஸ்பத்திரி, லேப், இறப்புப் பதிவு இந்த மூணுல இருந்தும் தகவல் திரட்டி, ஒரே ஆள் ரெண்டு தடவை வந்திருந்தா நீக்கிட்டு, மாவட்ட வாரியா பிரிப்பாங்க. இதுல முக்கியம், எங்க சிகிச்சை எடுத்தார்ங்கறது இல்லை, எங்க குடியிருந்தார்ங்கறதுதான். புதுக்கோட்டைக்காரங்க திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சென்னைன்னு நாலு பக்கமும் சிகிச்சைக்குப் போறாங்க. அட்ரஸ் தப்பானா, அந்த ஆள் வேற மாவட்டக் கணக்குல போய்ச் சேருவார்.

இதுல உங்க பணம் எங்க இருக்கு?

எந்த மாவட்டத்துல எந்த கேன்சர் அதிகம், எந்த வயசுல வருது, முத்தின பிறகு எத்தனை பேர் வர்றாங்க? ரேடியேஷன் மெஷினை எங்க வைக்கணும், பரிசோதனை முகாமை எங்க நடத்தணும்னு முடிவு பண்ண இந்த எண்கள்தான் கையில இருக்கணும். எண் குறைவா இருந்தா, தேவை இல்லைன்னு அர்த்தமாயிடும்.

பக்கத்துல வசதி இல்லைன்னா என்ன செலவு? உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். ரேடியேஷன் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம்னு வச்சுக்கோங்க. 42 நாள் வெளியூர்ல தங்கணும். ரூம் தினம் 600 ரூபாய்னா 25,200. ரெண்டு பேர் சாப்பாடு தினம் 400-னா 16,800. கூட இருக்கறவர் மாசம் 25,000 சம்பளக்காரர், லீவு இல்லாம ஒன்றரை மாசம் சம்பளம் போச்சுன்னா 37,500. மொத்தம் 79,500 ரூபாய். சிகிச்சை முழுக்க இலவசமா கிடைச்சாலும் இது உங்க பாக்கெட்ல இருந்துதான். சாதாரண ஹெல்த் பாலிசியும் ஆஸ்பத்திரி பில்லைத்தான் பார்க்கும், லாட்ஜ் பில்லைப் பார்க்காது.

எண்ணைப் படிக்கத் தெரியணும்

இந்தியாவுல 9 பேர்ல ஒருத்தருக்கு கேன்சர் வரலாம்னு விளம்பரத்துல பார்த்திருப்பீங்க. அது ஐ.சி.எம்.ஆர். பதிவேடுகள்ல இருந்து வந்த மதிப்பீடுதான், பொய் இல்லை. ஆனா பிறந்ததுல இருந்து 74 வயசு வரைக்குமான மொத்த வாய்ப்பு அது. 27 வயசுல உங்களுக்கு இந்த வருஷம் வரப்போறதோட கணக்கு இல்லை. அதைக் காட்டி அவசரப்படுத்தறவங்ககிட்ட கொஞ்சம் நிதானமா இருங்க.

அதே மாதிரி, "எங்க ஊர்ல கேன்சர் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னாடியும் யோசிக்கணும். இளசுங்க எல்லாம் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிட்டா, ஊர்ல மிஞ்சறது வயசானவங்க. கேன்சர் பெரும்பாலும் வயசோட வர்ற நோய். அதனாலதான் வயசு வித்தியாசத்தைச் சரிக்கட்டி, லட்சம் பேருக்கு எத்தனைன்னு பார்க்கறாங்க. அந்த லட்சத்துக்கும் மக்கள்தொகை தெரியணும். 2011 கணக்குப்படி புதுக்கோட்டை மாவட்டத்துல சுமார் 16.18 லட்சம் பேர். அடுத்த கணக்கெடுப்பு 2027-லதான். அதுல ஊர்ல இருக்கற அப்பா அம்மா விடுபடாம பார்த்துக்கறதும் நம்ம வேலை.

"வெளியே தெரிஞ்சா?"

நியாயமான பயம். ஆனா பதிவேட்டு அறிக்கையில பெயர் வராது, எண்ணிக்கை மட்டும்தான் வரும். இன்னொண்ணு, எங்களுக்கு ரொம்ப லேட்டாத் தெரிஞ்சது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-படி, நம்ம கைக்கு வர்ற இறப்புச் சான்றிதழ்ல இறப்புக்கான காரணத்தைக் குறிப்பிடவே கூடாது. பெரியம்மா பயந்த அந்த வார்த்தை அந்தக் காகிதத்துல வந்திருக்கவே வந்திருக்காது. கடைசியா வைத்தியம் பார்த்த டாக்டர், காரணத்துக்கான சான்றை இலவசமாத் தரணும்னும் அதே சட்டம் சொல்லுது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. வீட்ல யாராவது சிகிச்சையில இருந்தா, ஃபைல்ல அவங்க குடியிருக்கற ஊர் அட்ரஸ் இருக்கான்னு பாருங்க. போன் நம்பர் உங்களதா இருக்கட்டும், அட்ரஸ் அவங்களதா இருக்கட்டும்.
2. பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டையும் ஸ்கேன் பண்ணி வைங்க. க்ளெய்முக்கும் இதுதான் ஆதாரம்.
3. 30 வயசு தாண்டினவங்களை வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. செலவு இல்லை.
4. எமர்ஜென்சி ஃபண்ட் போடும்போது, மேல சொன்ன தங்கற செலவையும் சேர்த்துப் போடுங்க. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் வேலையை விட்டா போயிடும், தனியா ஒண்ணு வச்சுக்கோங்க.

பெரியப்பாவோட கணக்கை இனிமே என்னால திருத்த முடியுமான்னு தெரியலை. உங்க வீட்டு ஃபைல் இன்னும் உங்க கையில இருக்கு. இன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போன் பண்ணும்போது, அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க.