வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்

இரண்டாம் ஆண்டு மாணவர், பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

"சர்வர்" என்ற சொல்லைக் கேட்டதும் என் தந்தையாருக்கு நினைவுக்கு வருவது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டல்தான். "இன்றைக்கு சர்வரைப் பற்றிப் பாடம் நடந்தது அப்பா" என்று ஒருநாள் நான் சொன்னபோது, "அதைப் படிக்க மூன்று வருஷமாடா?" என்று கேட்டார். அப்போது சிரித்துவிட்டேன். பின்னர் சிந்தித்துப் பார்த்தபோது, அவர் கேள்வியிலேயே என் பாடத்தின் சாரம் அடங்கியிருந்ததை உணர்ந்தேன்.

நல்ல சர்வர் யார்? ரவா தோசை கேட்கிறோம், மாவு தீர்ந்துவிட்டது. "ரவா இல்லை சார், சாதா சொல்லட்டுமா?" என்று மேசை அருகிலேயே சொல்லிவிடுபவர் நல்ல சர்வர். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே சென்று, அரைமணி கழிந்தும் முகம் காட்டாதவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னஞ்சல் சர்வர்களும் இந்த இரு வகையினவே. சேராத கடிதத்தைச் சேராது என்று வாசலிலேயே சொல்லும் சர்வர் வேண்டும். அந்தச் சொல்லைக் காதில் வாங்கும் மனிதரும் வேண்டும். இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றே.

இரண்டு சர்வர்களின் உரையாடல்

1971-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், பயனாளியின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட '@' என்னும் குறியை நடுவில் வைத்தார். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆவணம், கடிதங்களைக் கைமாற்றும் முறைக்கு விதிகளை வகுத்தது. 'எஸ்எம்டிபி' என்று நாம் பாடத்தில் படிப்பது அதைத்தான். 2001-இலும் 2008-இலும் அவ்விதிகள் திருத்தி எழுதப்பட்டன. ஆனாலும் உரையாடலின் அடிப்படை மாறவில்லை.

அந்த உரையாடல் மிகவும் எளிமையானது. கடிதம் கொண்டுவரும் சர்வர் கதவைத் தட்டி முதலில் தன் பெயரைச் சொல்லும். அடுத்து, 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநர் முகவரியைச் சொல்லும். பிறகு, 'ஆர்சிபிடி டூ' என்று பெறுநர் முகவரியைச் சொல்லும். கடிதத்தின் ஓர் எழுத்துக்கூட இன்னும் கைமாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த இடத்தில் பெறும் சர்வர் மூன்றில் ஒரு பதிலைத் தரலாம். 250 என்றால் 'சரி, ஏற்கிறேன்'. 450 போன்று நான்கில் தொடங்கும் எண் என்றால் 'இப்போது முடியாது, பிறகு வா'. 550 போன்று ஐந்தில் தொடங்கும் எண் என்றால் 'முடியாது, திரும்பத் திரும்ப வராதே'.

இதில் ஒரு தர்மமும் உண்டு. கடிதம் முழுவதையும் வாங்கிக்கொண்டு 250 என்று சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து பொறுப்பு பெற்ற சர்வருடையது. உரியவரிடம் சேர்க்க வேண்டும். அல்லது சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வாய்மூடி இருப்பது விதிமீறல். நம் ஊர்த் தபால்காரர் யாரும் சொல்லித்தராமலே கடைப்பிடிக்கும் ஒழுக்கம் இது. "இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை" என்று உறையின்மேல் எழுதித் திருப்பி அனுப்புவாரேயன்றி ஆற்றில் வீச மாட்டார்.

ஆய்வுக்கூடத்தில் கண்டது

இவ்வளவும் புத்தகத்தில் உள்ளவை. நான் உண்மையில் கற்றுக்கொண்டது எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்னும் அஞ்சல் மென்பொருளை நிறுவி, எங்களுக்குள்ளேயே கடிதம் அனுப்பிப் பார்க்கும்படி எங்கள் ஆசிரியர் பணித்தார். வீட்ஸே வெனெமா எழுதி 1998-இல் வெளியிட்ட மென்பொருள் அது. உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

வகுப்புத் தலைவருக்கென்று ஒரு பொது முகவரியை மாற்றுப்பெயர்க் கோப்பில் எழுதினோம். கடிதம் அனுப்பினால், '550, அப்படி ஒரு பயனாளி இல்லை' என்ற பதில் வந்தது. கோப்பைத் திறந்து பார்த்தோம், பெயர் இருந்தது. எழுத்துப் பிழையும் இல்லை. ஒரு மணி நேரம் மண்டையைக் குழப்பிக்கொண்டோம்.

என் நண்பன் ஒருவன் கெட்டிக்காரன். அமைப்புக் கோப்பில் பெறுநர் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லும் வரியைக் கண்டுபிடித்து அதை வெறுமையாக்கிவிட்டான். சர்வர் உடனே 250 என்றது. "பிழை போய்விட்டது!" என்று கைதட்டினான். நாங்களும் தட்டினோம். ஆனால் வகுப்புத் தலைவருக்குக் கடிதம் வரவில்லை. வாசலில் 'வாருங்கள்' என்று வாங்கிக்கொண்ட சர்வர், உள்ளே போனபின் ஆளைக் காணாமல் கடிதத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பிழை எங்கும் போகவில்லை; பிழையைச் சொன்ன வாயைத்தான் அடைத்திருந்தோம்.

எங்கள் ஆசிரியர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லாக் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பதிவுக் கோப்பைத் திறந்தால், மாற்றுப்பெயர்த் தரவுத்தளம் அதன் மூலக் கோப்பைவிடப் பழையது என்ற எச்சரிக்கை அங்கே தெளிவாக இருந்தது. கோப்பில் எழுதினால் மட்டும் போதாது. 'நியூஅலையசஸ்' என்ற கட்டளையை ஓட்டினால்தான் சர்வர் படிக்கும் தரவுத்தளம் புதுப்பிக்கப்படும். ஓட்டினோம். வெறுமையாக்கிய வரியைப் பழையபடி திருத்தினோம். கடிதம் சேர்ந்தது. சர்வர் முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் சர்வரால் மற்றவர்களுக்கும் தீங்கு உண்டு. குப்பை அஞ்சல் அனுப்புவோர் அனுப்புநர் இடத்தில் யாரோ ஓர் அப்பாவியின் முகவரியைப் போலியாக எழுதுவார்கள். வாசலிலேயே மறுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாங்கிவிட்டுப் பிறகு திருப்பினால், திரும்பும் குப்பையெல்லாம் அந்த அப்பாவியின் தலையில் விழும்.

ஒரு 'ழ'கரத்தின் விலை

இதையெல்லாம் பாடமாக மட்டும் படித்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் குடும்பம் கைத்தறி நெசவுக் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் என் தங்கையும் வர வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. பிளஸ் டூ முடித்தவுடன் ஒரு படிப்புக்கு விண்ணப்பித்தாள். நெட் சென்டரில் இருந்தவர்தான் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தார். என் தங்கையின் பெயரில் 'ழ' வருகிறது. தமிழில் அதற்கு ஓர் எழுத்து; ஆங்கிலத்தில் எழுதும்போதோ வீட்டுக்கு ஒரு வழக்கம். 'இசட் எச்' என்று எழுதுவாரும் உண்டு. 'எல்' என்று எழுதுவாரும் உண்டு. அவளுடைய மின்னஞ்சல் முகவரியில் இருந்தது 'இசட் எச்'. விண்ணப்பத்தில் ஏறியதோ 'எல்'.

தபால்காரருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பெயரை எப்படி எழுதினாலும் தறிச் சத்தம் கேட்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவார். மின்னஞ்சலுக்கு அந்தச் சலுகை இல்லை. '@' குறிக்கு இடப்புறம் உள்ள பெயரைப் பொருள்கொள்ளும் உரிமை, போய்ச்சேர வேண்டிய சர்வருக்கு மட்டுமே உண்டு. இடையில் எவரும் ஊகித்துத் திருத்தக் கூடாது என்பது விதி. அந்த விதி சரியானதே. ஊகிக்கத் தொடங்கினால் ஒருவர் கடிதம் மற்றொருவர் கைக்குப் போய்விடும்.

நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. நானும் தந்தையாரும் நேரில் சென்று கேட்டோம். "அனுப்பியாச்சுங்க. உங்களுக்கு வரலைன்னா நாங்க என்ன செய்யறது?" என்றார் எழுத்தர். நேர்காணல் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டு அலுவலகத்தின் அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டினார். அழைப்பு அனுப்பிய அதே நிமிடத்தில், 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்ற அறிவிப்பு திரும்பி வந்து அங்கே கிடந்தது. அதற்கு மேலும் கீழும் அதைப் போன்ற வேறு அறிவிப்புகள். ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை.

நண்பர்களே, அங்கே எந்தச் சர்வரும் தவறு செய்யவில்லை. ஒன்று கொண்டுபோனது, மற்றொன்று வாசலிலேயே மறுத்தது, மறுப்பு உடனே வந்து சேர்ந்தது. இயந்திரங்கள் தம் கடமையைச் செய்து முடித்த இடத்தில் மனிதர் தம் கடமையைத் தொடங்கவில்லை. பழியில் முதல் பங்கு என்னுடையது என்பதையும் மறைக்கவில்லை. கணினி படிக்கும் அண்ணன், விண்ணப்பத்தின் நகலை ஒருமுறை எழுத்தெண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் தங்கை அந்த ஓராண்டு வீட்டிலிருந்து தார் சுற்றினாள்.

மறுப்பாருக்கு மறுமொழி

"இல்லாத முகவரியை இல்லை என்று வாசலிலேயே சொன்னால், குப்பை அஞ்சல்காரன் ஆயிரம் பெயர்களைச் சொல்லிப் பார்த்து, இருப்பவை எவை என்று கண்டுகொள்வானே?" என்று என் வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே இணைப்பில் அளவுக்கு மீறித் தவறு செய்பவனைத் துண்டித்துவிடும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் இருக்கிறது. திருடனுக்குப் பயந்து வாசற்கதவையே ஊமையாக்கினால் துன்பப்படுபவர் விருந்தினரே அன்றோ?

"ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள், திரும்பி வரும் ஒவ்வொன்றையும் யார் உட்கார்ந்து படிப்பது?" என்பது அடுத்த கேள்வி. படிக்க வேண்டாம், இயந்திரமே படிக்கும். திரும்பும் அறிவிப்புக்கென்று வரையறுத்த வடிவம் உண்டு. அதில் 5.1.1 என்ற குறி இருந்தால் பெறுநர் முகவரி தவறு என்று பொருள். அந்தக் குறியுள்ளவற்றை மட்டும் பிரித்துப் பட்டியலிடும் நிரலை எங்கள் வகுப்பு மாணவர் எவரும் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடுவர். பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, செலவு அவ்வளவே. விண்ணப்பம் பெற்ற அன்றே ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்பினால், தவறு முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும். 'பதில் அனுப்ப வேண்டாம்' என்று எழுதிய முகவரியிலிருந்து ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கடிதத்தை அனுப்பும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும் என்பது என் துணிபு.

"தமிழிலேயே முகவரி எழுதினால் ழகரச் சிக்கல் தீருமே" என்பாரும் உண்டு. அதற்கான விதிகள் 2012-இலேயே வகுக்கப்பட்டுவிட்டன. ஆனால் வழியில் உள்ள சர்வர்கள் அனைத்தும் அவ்விதிகளை ஏற்றால்தான் கடிதம் போய்ச்சேரும். அந்த நாளுக்காக உழைப்போம். அதுவரை நம் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்போம்.

முடிவாக

என் தங்கை இவ்வாண்டு வேறொரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இம்முறை முகவரியை நானே மூன்று முறை படித்துப் பார்த்தேன்; நாங்களே ஒரு கடிதம் அனுப்பி, வருகிறதா என்று சோதித்தும் பார்த்தோம்.

நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமர்வோம். சிலர் சர்வர்களைப் பராமரிப்போம். அப்போது பிழைச்செய்தி வந்தால் அதை எரிச்சலோடு மூடிவிடாமல் படிப்போமாக. ஒவ்வொரு 550-க்குப் பின்னாலும் காத்திருக்கும் ஒரு மனிதர் இருக்கலாம். அவருக்கு வேண்டியது அனுதாபம்கூட அல்ல. உரிய நேரத்தில் ஒரு சொல். இல்லை என்றால் இல்லை என்று. ஓட்டல் சர்வர் சொல்லும் அந்த ஒரு சொல்.