கடலும் கடனும்

 

கோட்டையூரில் குடியிருக்கும் மதரஸா ஆசிரியன் ஒருவன் மீன்பிடிப் படகு வாங்குவதைப் பற்றி எழுதுகிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஊரில் ஊருணியை விட்டால் வேறு நீர்ப்பரப்பு இல்லை. செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்தது என்பதே எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு. ஆயினும் எழுதுகிறேன். காரணம், ஒரு தாயின் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஓர் அம்மையார் எங்கள் மதரஸாவைத் தேடி வந்தார். தொண்டிக்கு அருகே கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய மகன் முன்பு எங்களிடம் ஓதியவன். ஆறு ஆண்டுகள் சவூதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. முப்பதடி நீளமுள்ள பழைய ஃபைபர் படகு ஒன்றைப் பெரிய எஞ்சினோடு வாங்க விரும்பினான். குறையும் தொகையைத் தாம் தருவதாக ஒரு மீன் வியாபாரி முன்வந்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பிடிக்கும் மீன் முழுவதையும் அவரிடமே போட வேண்டும்.

“ஹஜ்ரத், கடலுக்கு நான் பயப்படவில்லை. என் வாப்பாவும் என் வீட்டுக்காரரும் கடலில்தான் பிழைத்தார்கள். நான் பயப்படுவது கடனுக்குத்தான். என் வீட்டுக்காரர் இப்படி வாங்கிய முன்பணத்தைப் பதினொரு வருடம் அடைத்தார். அவர் மவுத்தான அன்றும் பாக்கி இருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் இவன் கேட்பான்” என்றார் அந்த அம்மையார்.

அறியாத ஒன்றில் தீர்ப்புச் சொல்லுதல் கூடாது. எனவே அடுத்த வெள்ளிக்கிழமை தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் பஸ் ஏறினேன். ஜும்ஆ முடிந்ததும் அந்த மாணவன் ஒரு பெரியவரிடம் என்னை அழைத்துச் சென்றான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் உழைத்தவர் அவர். அவரிடம் கற்றதையும் பின்னர் நூல்களில் தேடிப் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலோ உறவிலோ படகு வாங்க எண்ணுவோர் இருந்தால் இது பயன்படக்கூடும்.

எந்தக் கடல்?

“எத்தனை அடிப் படகு வாங்கலாம்?” என்றுதான் நாங்கள் கேட்டோம். பெரியவரோ, “எந்தக் கரையில் நிறுத்தப் போகிறாய்? என்ன வலை விடப் போகிறாய்?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வியில் பெரிய உண்மை இருக்கிறது. சென்னை முதல் நாகை வரையிலான சோழமண்டலக் கரையில் அலை உடைந்து விழும். அங்கே அலையைக் கிழித்துச் சென்று மீண்டும் மணலில் ஏறக் கட்டுமரம் ஏற்றதாக இருந்தது. தொண்டி இருப்பது பாக் நீரிணைப் பகுதியில். அது ஆழம் குறைந்த கடல். அடியில் சேறும் கடற்புல்லும் நிறைந்தது. படகைத் தொலைவிலேயே நங்கூரமிட்டுவிட்டு, இடுப்பளவு நீரில் நடந்து கரையேறும் இடங்கள் அங்கே பல. அதனால்தான் அக்கரையில் தட்டையான அடியுடைய வத்தையும் வள்ளமும் வழக்கத்திற்கு வந்தன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் ஆங்கிலேயர் இந்தியப் படகுகளைப் பற்றி 1920 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பாக் நீரிணைப் பகுதியின் பாய்மரப் படகுகளையும், காற்றில் சாயாதிருக்க அவற்றின் குறுக்கே நீட்டப்படும் பலகையையும் அவர் அதில் வியப்போடு குறித்திருக்கிறார். நம் முன்னோர் பள்ளிக்கூடம் சென்று படகு செய்யக் கற்கவில்லை. கடலே அவர்களுக்கு ஆசானாக இருந்தது.

ஆகவே முதல் விதி இது. கரையோரத்தில் நண்டு வலையும் இறால் வலையும் விடப் போகிறவனுக்கு, ஆழ்கடலுக்குப் பொருத்தமான உயரமும் நீளமும் தேவையில்லை. நீரில் அதிகம் அமிழாத படகே வேண்டும். அதன் எஞ்சினும் சேற்றில் புதையாதபடி தூக்கிக்கொள்ளத் தக்கதாக இருக்க வேண்டும்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பகுதி கொந்தளிக்கும். சோழகக் காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். எந்த மாதங்களில் தொழில் நடக்கும், எந்த மாதங்களில் படகு கரையில் கிடக்கும் என்று எண்ணிப் பாராமல் வருமானக் கணக்குப் போடுவது வெறுங்கனவு.

மரமா, ஃபைபரா?

மரப்படகுக்குப் பலகை அயினியிலும் வேம்பிலும் செய்வர். வங்குக்கால்களுக்குக் கருவேலம் போன்ற உறுதியான மரம் வேண்டும். மரத்தின் சிறப்பு, பழுதைக் கண்ணால் காணலாம், கைப்பணியாளரைக் கொண்டு ஒரு பலகையை மட்டும் மாற்றலாம் என்பது. குறை, கடல்நீரில் வாழும் துளைப்புழு. ஆண்டுதோறும் கரையேற்றி, இடுக்குகளை அடைத்து, எண்ணெய் பூசிப் பேண வேண்டும். நல்ல மரமும் நல்ல தச்சரும் கிடைப்பது அரிதாகி வருகிறது.

இடையில் ஒட்டுப்பலகைப் படகும் வந்தது. 1980களில் குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்பவர் அத்தகைய படகுகளை உருவாக்கினார். ஒரே முயற்சியில் அது வெற்றி பெற்றுவிடவில்லை. மீனவர் குறை சொல்லச் சொல்லப் பல முறை திருத்திய பின்னரே நிலைபெற்றது. கடலில் போகிறவனைக் கேளாமல் செய்த படகு கரையிலேயே கிடக்கும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயைப் பிசினில் தோய்த்து அச்சில் வார்ப்பது. அது மட்காது, புழு துளைக்காது, எடையும் குறைவு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகு பெருகியது. அந்த அவசரத்தில் புதிது புதிதாகப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் சில மெல்லிய படகுகளை வார்த்துத் தந்ததை வல்லுநர்கள் அப்போதே எச்சரித்தனர். மரத்தில் குறை வெளியே தெரியும். ஃபைபரிலோ வண்ணப்பூச்சுக்குள் மறைந்துவிடும்.

எங்கள் மாணவன் விரும்பிய படகைப் பெரியவரோடு சென்று பார்த்தோம். புதிய நீல வண்ணம் பளபளத்தது. பெரியவர் வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து பின்புறம் வரை தட்டிக்கொண்டே வந்தார். ‘டண் டண்’ என்று வந்த ஒலி, எஞ்சின் மாட்டும் பின்பலகை அருகே வந்ததும் ‘தப் தப்’ என்று அமுங்கியது. “உள்ளே அடுக்குப் பிரிந்து கிடக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது” என்றார். பிறகு அடிப்பகுதியை முழங்காலால் அழுத்தினார். அது தாம்பாளத் தகடு போல் உள்வாங்கியது. ஃபைபர் படகு வாங்குவோர் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் இவை.

மூழ்காமல் இருக்குமா?

“இதில் தண்ணீர் நிரப்பிப் பார்க்கலாமா?” என்று பெரியவர் கேட்டார். விற்பவர் முகம் மாறியது; ஒப்பவில்லை.

இதன் பொருளைப் பின்னரே உணர்ந்தேன். கட்டுமரம் கவிழும், மூழ்காது. மரப்படகில் நீர் நிறைந்தாலும் மரம் மிதக்க முயலும். ஃபைபர் அப்படியன்று, அது நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. நீர் நிறைந்தால் எஞ்சினோடு அடியில் போய்விடும். அதனால் இருக்கைகளுக்கு அடியிலும் அணியத்திலும் மிதவை நுரை அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? 400 கிலோ எடையுள்ள ஃபைபர் உடல் நீருக்குள் ஏறத்தாழ 130 கிலோ கனம் காட்டும். எஞ்சின், நங்கூரம், ஈயக் குண்டுகளுக்கு ஒரு 90 கிலோ வைத்துக்கொள்வோம். பற்றித் தொங்கும் மூன்று பேருக்கு 60 கிலோ. ஆக 280 கிலோ. ஒரு லிட்டர் அளவுள்ள நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். எனவே 300 லிட்டர் நுரையாவது வேண்டும். அடைத்திருப்பது சாதாரணத் தெர்மோகோல் என்றால், பெட்ரோல் பட்டால் அது கரைந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க. கரையோர ஆழமற்ற நீரில் படகை நிரப்பி, அது மட்டமாக மிதக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்தது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மேடைதோறும் பேசுகிறோம். மிதவை நுரையும், உயிர்காப்பு உடையும், கூடவே ஒரு சிறு பாயும் துடுப்பும்தான் கடலோடிக்கு அந்தக் கயிறு. பாக் நீரிணைப் பகுதி அகலம் குறைந்தது. 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அங்கே செல்கிறது. எஞ்சின் நின்று காற்றில் ஒதுங்கும் படகு எல்லையைத் தாண்டினால், குடும்பம் சிறைவாசலில் நிற்க நேரும். பாய் இருந்தால் திரும்பலாம். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. படகில் செல்பவரும் வீட்டிலிருப்பவரும் அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

குதிரைத்திறன் என்னும் மயக்கம்

இளைஞர்கள் பெரிய எஞ்சினை விரும்புகின்றனர். பளு ஏற்றிய படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து இயல்பான வேகம் ஒன்று உண்டு. நீர்மட்டத்தில் 20 அடி நீளமுள்ள படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 6 கடல் மைல். அதற்கு மேல் விரட்டினால், படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டியதாகிறது. எரிபொருள் பல மடங்கு செலவாகும். வேகமோ சிறிதே கூடும். கரையோரத்தில் ஒரு மணி நேரத் தொலைவில் வலை விடுபவனுக்குப் பத்து நிமிடம் முந்துவதால் ஆவதென்ன? மேலும், பழைய இரண்டு வீச்சு வெளிப்பொருத்து எஞ்சின் குடிப்பதில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டே, நீண்ட தண்டுடைய சிறு டீசல் எஞ்சின் அதே வேலையைச் செய்துவிடும். ஆழமற்ற நீரில் அதன் தண்டைத் தூக்கிக்கொள்ளவும் முடியும்.

கடைசியாக, கடன்

அன்புச் சகோதரிகளே! இந்தப் பகுதி குறிப்பாக உங்களுக்கு.

வியாபாரி தரும் முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். உண்மையில் வட்டி மீனின் விலையில் ஒளிந்திருக்கிறது. சந்தையில் என்ன விலை போனாலும் அவர் சொன்னதே விலை. எடையும் அவர் தராசில்தான். அசல் குறையாது. இந்தப் பிடியிலிருந்து விடுபடத்தான் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் 1980 முதல் மீனவர் தாமே மீனை விற்கும் முறையை வளர்த்தன.

கடலில் பாடுபட்ட ஏழைகளின் படகு ஒன்றை ஹிழ்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய வரலாறு ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தில் வருவதை நாம் அறிவோம். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் எதிரே இருந்தான். பழுது அதைக் காத்தது. அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த எனக்கு, தொண்டிக் கரையில் நின்றபோது புதிதாக ஒன்று தோன்றியது. பெரிய, அழகிய படகைக் கடனில் வாங்குகிறவன், பறிப்பவனைத் தானே அழைத்து வருகிறான். சிறிய, எளிய படகுக்கு உரியவன் அதைத் தனக்கே வைத்துக்கொள்கிறான்.

அந்த மாணவன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “சின்னப் படகில் போனால் ஊரில் என்ன சொல்வார்கள், உஸ்தாது? ஆறு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவன் என்கிறார்களே” என்றான். நான் பேசவில்லை. பெரியவர்தான் சொன்னார்: “தம்பி, படகைப் பார்த்து ஊர் ஒரு நாள் பேசும். தராசு உன் கையில் இல்லை என்றால் நீ ஆயுள் முழுதும் பேச மாட்டாய்.”

முடிவில் அவர்கள் வாங்கியது 20 அடி ஃபைபர் வள்ளம்; சிறு டீசல் எஞ்சின். தாயார் இரண்டு வளையல்களை விற்றார். வட்டிக்கு அடகு வைக்கவில்லை. தாய்மாமன் ஒருவர் இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு என்று பேசித் தொகை கொடுத்தார். அதை இரண்டு சாட்சிகளோடு எழுதி வைத்தோம். கையிலிருந்த பணம் முழுவதையும் படகில் கொட்டாமல், வலைக்கும் பழுதுக்கும் மூன்று மாத வீட்டுச் செலவுக்கும் ஒதுக்கினோம். மீன்வளத் துறைப் பதிவு விற்றவர் பெயரிலிருந்து இவன் பெயருக்கு மாறிய பின்னரே இறுதித் தொகை கைமாறியது. 2020 இல் தொடங்கிய பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவரின் பழைய படகை மாற்ற 40 விழுக்காடும், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டிருந்தது. இப்போது எந்த மானியம் நடப்பிலுள்ளது என்பதை வாங்குமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

சென்ற வாரம் அவன் தொலைபேசியில் பேசினான். பெருஞ்செல்வம் ஒன்றும் வந்துவிடவில்லை. இரண்டு மாதம் வரவும் செலவும் சரியாக இருந்ததாம். மூன்றாம் மாதம் சிறிது மிஞ்சியதாம். கணக்கு நோட்டு அவன் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது. “நண்டுக்கு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு விற்றேன், உஸ்தாது” என்று அவன் சொன்னபோது குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. பின்னணியில் அவன் தாயார், “ஹஜ்ரத்துக்கு என் சலாத்தைச் சொல்” என்றார்.

வாசகர்களே! கடலில் இறங்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. கரையில் காத்திருக்கும் கடனிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.