கண் வலிக்கு தாய்ப்பால் விடலாமா? பாகூர், வில்லியனூர் கைவைத்தியமும் மருத்துவம் சொல்வதும்

அறுவடை நேரம். கண்ணில் நெல் சுணை விழுந்து, கண் சிவந்து உறுத்துகிறது. "கைப்பிள்ளைக்காரி யாராவது இருந்தா ரெண்டு சொட்டு பால் விடச் சொல்லு, குளுகுளுன்னு ஆயிடும்." புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் போன்ற கிராமப்புறங்களில் பெரியவர்கள் சொல்லும் கைவைத்தியம் இது. காது வலி, குழந்தையின் மூக்கடைப்பு என்று இதே வைத்தியம் நீள்கிறது. இது பலன் தருமா, ஆபத்தா?

இந்த வழக்கம் எப்படி வந்தது?

சித்த மருத்துவத்தில் 'முலைப்பால்' பழக்கமான பொருள். மருந்துகளை இழைத்துக் கொடுக்க இதைப் பயன்படுத்தினர். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் உரசி பச்சிளம் குழந்தைக்குக் கொடுக்கும் உரைமருந்திலும் தாய்ப்பால் சேர்ப்பது உண்டு. டாக்டரும் மருந்துக்கடையும் தொலைவில் இருந்த காலத்தில், காசில்லாமல் பக்கத்து வீட்டிலேயே கிடைத்த மருந்து இது.

அறிவியல் ஆதாரம் இருக்கா?

ஓரளவு இருக்கிறது. தாய்ப்பாலில் இம்யூனோகுளோபுலின் ஏ, லாக்டோஃபெரின், லைசோசைம் போன்ற கிருமி எதிர்ப்புப் பொருட்கள் உள்ளன. பிறந்த குழந்தைகளின் கண்ணில் சீம்பால் விட்டால் பீளை கட்டுவது குறைகிறது என்று 1982-ல் டெல்லி மருத்துவர்கள் எழுதினர். கண்ணில் பீளை வந்த 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, தாய்ப்பால் லேசான சொட்டு மருந்துக்குக் குறைவில்லாமல் வேலை செய்தது என்று 2021-ல் ஜப்பானிய ஆய்வு ஒன்று சொன்னது.

ஆனால் இரண்டுமே கைக்குழந்தைகளின் சாதாரண பீளை பற்றியவை. வயலில் அடிபட்ட கண்ணைப் பற்றியவை அல்ல.

அப்போ சிக்கல் எங்கே?

நெல் தாளோ, கரும்புத் தோகையோ கருவிழியைக் கீறினால் அதன் வழியே பூஞ்சை நுழையலாம். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்கு பூஞ்சை முக்கியமான காரணம். அதை தாய்ப்பால் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பால் விட்டதும் எரிச்சல் சற்று அடங்கலாம். 'சரியாயிடுச்சு' என்று காத்திருக்கும் அந்த இரண்டு, மூன்று நாளில் புண் ஆழமாகிவிடும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்று, 'பூ விழுந்து' பார்வை போகலாம்.

கருவிழிப் புண்ணோடு வந்தவர்களிடம் மதுரையில் நடத்தி 1999-ல் வெளியான ஆய்விலும், அவர்கள் முன்பே போட்டுக்கொண்ட நாட்டு மருந்துகளில் தாய்ப்பால் இருந்தது.

காதில் விட்டால்? செவிப்பறையில் ஓட்டை இருந்தால் பால் நடுக்காது வரை போகும். மூக்கில் விட்டால் குழந்தைக்குப் புரையேறலாம்.

யாருடைய பால்?

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் 2016 முதல் 'அமுதம் தாய்ப்பால் மையம்' இயங்குகிறது. இதுபோன்ற பால் வங்கிகளில், கொடுக்கும் தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி போன்ற பரிசோதனைகள் உண்டு. பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகே குறைமாதக் குழந்தைக்குத் தருவார்கள். அக்கம்பக்கத்தில் வாங்கி கண்ணில் விடும் பாலுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கை, கிண்ணத்தில் உள்ள கிருமியும் அதில் சேரும்.

என்ன செய்யலாம்?

* கண்ணில் தூசி, சுணை விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.
* வலி, கண் கூச்சம், மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அன்றே கண் டாக்டரைப் பாருங்கள். பாகூர் பக்கத்தினருக்கு கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை அருகில்தான்.
* மருந்துக்கடையில் நீங்களே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். பூஞ்சை இருந்தால் அது இன்னும் மோசமாகும்.
* குழந்தையின் கண்ணில் லேசான பீளை என்றால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைத்தால் போதும். பிறந்த சில நாட்களில் இமை வீங்கி சீழ் கொட்டினால் அது அவசரம், தாமதிக்கக் கூடாது.
* மூக்கடைப்புக்கு டாக்டர் சொல்லும் உப்பு நீர் சொட்டு மருந்து போதும்.

பால் கேட்கும் பாட்டியின் அக்கறையில் தப்பில்லை. தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்குப் போனால் அமுதம். அடிபட்ட கண்ணுக்குத் தேவை டாக்டர்தான், அதுவும் அன்றைக்கே.