களிம்பு போதுமா?

உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய தாயாரோ மாமியாரோ இருக்கிறார்களா? இருந்தால், தனியாக இருக்கும் சமயம் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, மறைவிடத்தில் அரிப்பு, புண் ஏதாவது உண்டா?"

"சீ, இதையெல்லாமா கேட்பார்கள்?" என்றுதான் முதலில் சொல்வார்கள். பிறகு மெல்ல, "ஆறு மாதமாக இருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் சொல்வார்கள்.

பயந்துவிடாதீர்கள். அரிப்பென்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. நீரிழிவுக்காரர்களுக்குக் காளான் தொற்றினால் அரிக்கும். மாதவிலக்கு நின்றபின் தோல் வறண்டு போவதாலும் அரிக்கும். ஆனால் பிறப்புறுப்பின் வெளித் தோலிலும் புற்றுநோய் வருவதுண்டு. அது அபூர்வமான நோய். வந்தால் பெரும்பாலும் வயதானவர்களுக்கே வருகிறது. வாய் திறக்கக் கூசுகிறவர்களும் அவர்கள்தாமே!

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? விடாத அரிப்பு, எரிச்சல், ஆறாத புண், கட்டி அல்லது மருப்போன்ற தடிப்பு, வெள்ளை, சிவப்பு, கறுப்புத் திட்டுக்கள், மாதவிலக்கு நின்றபின் இரத்தக் கசிவு, தொடையிடுக்கில் நெறி கட்டுதல். தோல் வெளுத்து, மெலிந்து அரிக்கும் 'லைக்கன் ஸ்க்ளீரோஸஸ்' என்ற வியாதி உள்ளவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் புற்று வரக்கூடும். அவர்கள் மருந்தையும் பரிசோதனையையும் இடையில் விட்டுவிடக் கூடாது.

டாக்டரிடம் போய் வாயால் மட்டும் சொல்லி, களிம்பு எழுதி வாங்கி வந்தால் போதாது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். துணைக்கு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை முன்பே செய்தாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

சந்தேகம் தோன்றினால், ஊசி போட்டு மரக்கச் செய்து, மிளகளவு தோல் எடுத்துப் பரிசோதிப்பார்கள். கட்டி முழுவதையும் அவசரப்பட்டு எங்கேயாவது வெட்டி எடுத்துவிட வேண்டாம். கட்டி இருந்த இடம் தெரியாமற் போனால், நெறிகளைச் சோதிப்பதும் அடுத்த ஆபரேஷனும் சிக்கலாகிவிடும். பெண்களின் புற்றுநோயில் தேர்ந்த நிபுணரிடம் முதலிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

"கான்ஸர் ஆஸ்பத்திரியா!" என்று தயங்காதீர்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. இப்படிப்பட்ட இடங்கள் பயப்படுவதற்கல்ல, பிழைப்பதற்கு.

சிறியதாக இருக்கும்போதே போனால், சிறிய ஆபரேஷனோடு குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் நெறிகளுக்கும் பரவி, கதிர்ச் சிகிச்சை வரை போகக்கூடும்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்!