தொலைவும் பொழுதும்

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் பந்தல்குடி. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் நிலம். நிலப்படத்தை விரித்து, மதுரை விமான நிலையத்தையும் வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்தையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால், அக்கோடு பந்தல்குடியை ஒட்டியே செல்லக் காணலாம். அதன் நீளம் ஏறத்தாழ 123 கிலோமீட்டர்.

இவ்விரு நிலையங்களுக்கும் இடையே விமானம் விட்டால் என்ன என்று கேட்பார் உளர். மணிக்கு 500 கிலோமீட்டர் விரையும் சிறு விமானத்திற்கு இது கால் மணி நேரப் பயணமன்றோ? கணக்கு அவ்வாறுதான் கூறும். ஆயினும், விமானம் ஓடுதளத்தில் ஊர்ந்து, மேலெழுந்து, உயரத்தை எட்டிய சிறிது பொழுதிலேயே இறங்கத் தொடங்கவேண்டும். முழு விரைவு வாய்க்குமுன் பயணமே முடிந்துவிடும். ஆதலின் கால் மணி அரை மணிக்கு மேலாகும். பயணியோ ஒன்றரை மணிக்கு முன்னரே வந்து, சோதனைகளுக்கு உட்பட்டுக் காத்திருத்தல் வேண்டும். இறங்கியபின் வாகைக்குளத்திலிருந்து நகருக்கு மீண்டும் சாலைப் பயணம். அதற்குள் மதுரையில் காரேறியவர் தூத்துக்குடித் துறைமுகத்தையே பார்த்துவிடுவார். பந்தல்குடியார் நிலையோ வேடிக்கையானது. தெற்கே செல்லவேண்டியவர் வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சென்று விமானமேறித் தம் வீட்டுக் கூரையின்மேல் பறந்து செல்லவேண்டும்!

நேர் விமானம் இல்லாமையால், இன்று வானவழியையே விரும்புவோர் சென்னை சென்றுதான் திரும்பவேண்டும். அவ்வழி ஏறத்தாழ 940 கிலோமீட்டர்.

குறுந்தொலைவு விமானமே வீண் என்பது இதன் பொருளன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் தீவுகளுக்கிடையே 1967 முதல் விமானம் பறந்து வருகிறது. தொலைவு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. பயணம் இரண்டே நிமிடம். இடையில் கடல் இருத்தலின் அது தக்கதே. யாழ்ப்பாணத்தின் கதையும் அத்தகையது. சென்னையிலிருந்து பலாலி நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர்தான். எனினும் போரினால் நேர்வழி அடைபட்ட நெடுங்காலம், பயணிகள் 640 கிலோமீட்டர் பறந்து கொழும்புப் பக்கம் இறங்கி, தரைவழியே மீண்டும் வடக்கு நோக்கி வரவேண்டியிருந்தது. 2019 நவம்பரில் விமானம் நேரே இறங்கியபோது, ஒரு நாட்பயணம் ஒன்றேகால் மணியளவில் சுருங்கிற்று. வானூர்தி செய்யவேண்டிய பணி இதுவே.

கரிசல் நாட்டிலோ இடையில் கடலுமில்லை, மலையுமில்லை. தண்டவாளம் இடுவதற்கேற்ற சமவெளியே உள்ளது. பருத்தி மூட்டையும் மிளகாய் மூட்டையும் விமானத்தில் ஏறுவனவல்ல. மதுரை மருத்துவமனைக்கு விரையும் நோயாளிக்கும் தம் ஊர்ப்பக்கத்து வண்டியே உதவும். ஓடுதளங்களுக்கு இடையிலான நிமிடங்களை எண்ணுவோர், வாயிற்படிகளுக்கு இடையிலான மணிகளை எண்ணுதல் நன்று. அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் புதிய இரயில் பாதை அமைக்க 2011-12ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் கிடைத்தது. தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டானுக்கும் மேலமருதூருக்கும் இடையே 18 கிலோமீட்டர் 2022இல் முடிந்தது. பந்தல்குடிப் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை.